கத்தரிக்காயைப் பறித்த பின்பு: நஷ்டம் யார் கணக்கில் ஏறுகிறது?

சென்னை அசோக் நகரில் காலை வேளையில் காய்கறிக் கடைகளின் முன் நிற்பவர்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். வெண்டைக்காயை எடுத்தவுடன் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்கள். கத்தரிக்காயைத் திருப்பிக் காம்பின் பச்சையைப் பார்க்கிறார்கள். தக்காளியை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்றிருந்தால் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கப்பட்ட காய்கள் மாலைக்குள் தட்டின் ஓரத்தில் குவிந்துவிடும். இரவில் பாதி விலைக்குப் போகும், இல்லையேல் குப்பைக்குப் போகும். அந்தக் குப்பையின் விலையைக் கொடுப்பவர் கடைக்காரர் என்றே பலரும் எண்ணுகின்றனர். கணக்கைச் சற்று நுணுகிப் பார்த்தால், அதில் பெரும் பகுதி ஊத்துக்கோட்டைப் பக்கத்திலோ திருத்தணிப் பக்கத்திலோ அரை ஏக்கரில் கத்தரி பயிரிட்டிருக்கும் விவசாயியின் தலையில் ஏறுவது தெரியவரும்.

அசோக் நகர்க் கடைகளுக்குக் காய்கறி பெரும்பாலும் கோயம்பேட்டிலிருந்து வருகிறது. நூறடிச் சாலையில் வடபழனியைத் தாண்டினால் சில கிலோமீட்டர் தூரம்தான். கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தீர்ப்பதற்காக 295 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்ட கோயம்பேடு மொத்த விற்பனை அங்காடி 1996-இல் திறக்கப்பட்டது. கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளி, நீலகிரியிலிருந்து கேரட், ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கை என்று இரவெல்லாம் லாரிகள் வந்து சேருகின்றன. அவற்றுக்கு நடுவே, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் சிறு விவசாயிகள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து பிடித்த சிறு வேன்களும் வருகின்றன. விடிவதற்குள் விலை முடிந்துவிடும்.

ஒரு சில்லறைக் கடைக்காரரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவர் கிலோ 30 ரூபாய் வீதம் 50 கிலோ கத்தரி வாங்குகிறார். போட்ட முதல் 1,500 ரூபாய். அவற்றுள் 7 கிலோ விலை போகாமல் வீணாகிறது என்று கொள்வோம். மீதி 43 கிலோவை விற்றுத்தான் 1,500 ரூபாயை எடுக்க வேண்டும். அப்படியானால் அடக்க விலையே கிலோ 34 ரூபாய் 88 காசு ஆகிவிடுகிறது. வாடகையும் கூலியும் லாபமும் சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 5 ரூபாய் அழுகலின் விலை. இந்த 5 ரூபாயை அவர் வாங்குவோர் மீது ஓரளவுதான் ஏற்ற முடியும். அடுத்த தெருவில் தள்ளுவண்டி நிற்கிறது. ஆகவே மறுநாள் மண்டியில் விலை கேட்கும்போதே அதைக் கழித்துக் கேட்கிறார். மண்டிக்காரர் தம் பங்குச் சேதாரத்தையும் சேர்த்து விவசாயியிடம் கழிக்கிறார். விவசாயிக்குக் கீழே கழிப்பதற்கு ஆள் இல்லை.

இதில் மண்டிக்காரரையும் கடைக்காரரையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின்படி, நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குக் கிடைப்பது தக்காளியில் ஏறத்தாழ 33 காசு, வெங்காயத்தில் 36 காசு, உருளைக்கிழங்கில் 37 காசு. மிச்சமுள்ள காசு முழுவதும் இடைத்தரகரின் லாபம் என்று மேடைகளில் பேசப்படுவது வழக்கம். வண்டிக் கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு, வாடகை ஆகியவற்றுடன் சேதாரமும் அதில் அடக்கம். மற்ற செலவுகளில் விவசாயி கைவைக்க இயலாது. சேதாரத்தில் ஒரு பகுதி மட்டும் அவர் கையில் இருக்கிறது. ஏனெனில் அசோக் நகரில் மூன்றாம் நாள் தெரியும் அழுகலின் விதை, பெரும்பாலும் பறித்த முதல் சில மணி நேரத்தில் வயலிலேயே விழுந்துவிடுகிறது.

எடை குறைவதும் விலை குறைவதும்

லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடை முதல் விற்பனை வரையில் நம் நாட்டில் தக்காளியில் நூற்றுக்கு 12.44 பங்கும், கொய்யாவில் 15.88 பங்கும் வீணாகின்றன. தானியங்களில் இது 4.65 முதல் 5.99 வரைதான். பயனுள்ள கணக்கே ஆயினும், இது வீணான எடையைச் சொல்லும் கணக்கு. வீணாகாமல், ஆனால் வாடியும் தழும்பேறியும் வந்து இரண்டாம் விலைக்கு விற்ற காயின் நஷ்டம் இதில் தெரியாது. சிறு விவசாயியின் வருமானத்தைப் பெரிதும் அரிப்பது அதுவே.

எடுத்துக்காட்டாக ஒரு பறிப்பில் 200 கிலோ கத்தரி கிடைத்ததாகக் கொள்வோம். அன்றைய விலை முதல் தரத்துக்குக் கிலோ 20 ரூபாய், கலவைக்கு 14 ரூபாய். நடுப்பகலில் பறித்து, சொத்தையும் நல்லதும் கலந்து, கோணியில் திணித்து அனுப்பினால் மண்டித் தராசில் 190 கிலோ நிற்கும். கழிவு என்று 5 கிலோ தள்ளி 185 கிலோவுக்கு 14 ரூபாய் வீதம் 2,590 ரூபாய் போடுவார்கள். நூற்றுக்குப் பத்து தரகு 259 ரூபாய், வண்டியும் சுமையும் 400 ரூபாய், பறிப்புக் கூலி 500 ரூபாய் போக மிச்சம் 1,431 ரூபாய். நாற்று, உரம், மருந்து, தண்ணீர்ச் செலவில் இந்தப் பறிப்பின் பங்கு 900 ரூபாய் என்றால் கையில் நிற்பது 531 ரூபாய்.

அதே 200 கிலோவை வெயில் தாழ்ந்த பின் பறித்து, நிழலில் கொட்டித் தரம் பிரித்து, சொத்தை 14 கிலோவை வயலிலேயே நீக்கிவிட்டு, பிளாஸ்டிக் கூடைகளில் அனுப்பினால் தராசில் 180 கிலோதான் நிற்கும். அதில் 130 கிலோ முதல் தரம், 50 கிலோ இரண்டாம் தரம் என்றால் தொகை 3,300 ரூபாய். தரகு 330, வண்டி 400, பறிப்பு 500, தரம் பிரிக்கக் கூலி 150, கூடையின் தேய்மானம் 70, சாகுபடிப் பங்கு 900 ஆகியவை போக மிச்சம் 950 ரூபாய். விற்ற எடை 5 கிலோ குறைவு. விற்பனைத் தொகை நூற்றுக்கு 27 கூடியிருக்கிறது. கையில் நிற்கும் வருமானமோ நூற்றுக்கு 79 கூடியிருக்கிறது. சாகுபடிச் செலவு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்ட காரணத்தால், கடைசிக் கட்டத்தில் கூடும் விலையில் பெரும் பகுதி அப்படியே வருமானமாக நிற்கிறது. இன்னும் ஒரு மூட்டை உரம் போட்டு மகசூலைக் கூட்டுவதைவிட இது மலிவான வழி.

எனினும் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. தரம் பிரித்த காய்க்கும் மண்டியில் ஒரே விலையாக 14 ரூபாய்தான் கிடைக்கும் என்றால், மேற்சொன்ன விவசாயியின் மிச்சம் 248 ரூபாயாகச் சுருங்கிவிடும். அதாவது ஒன்றும் செய்யாமல் கோணியில் திணித்தவரைவிட மோசம். தரம் பிரியுங்கள் என்று கூட்டங்களில் சொல்லிச் செல்வோர் இதை மறந்துவிடுகின்றனர். 40 கிலோ நல்ல காயைத் தனியாகக் கொண்டுவரும் ஒருவருக்காக மண்டியில் தனி விலை பேச மாட்டார்கள். பத்துப் பேர் ஒரே மாதிரி பிரித்து 1,000 கிலோவாகக் கொண்டுவந்தால் பேசுவார்கள். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அத்தகைய அமைப்பு இல்லாத ஊரிலும், ஒரே வேனில் காய் அனுப்பும் ஐந்தாறு பேர் பேசி வைத்துக்கொள்ளத் தடை ஏதுமில்லை.

பறித்த காயும் மூச்சு விடுகிறது

செடியிலிருந்து பிரிந்த பின்னும் காய் உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, தன்னிடமுள்ள சர்க்கரையை எரிக்கிறது, வெப்பத்தை வெளியிடுகிறது, நீரை ஆவியாக்குகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசத்தின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். வெயிலில் கிடக்கும் கத்தரிக்காய், அதன் கருநிறத் தோல் காரணமாக, சுற்றியுள்ள காற்றைவிடவும் சூடாகிறது. அதே சூட்டோடு கோணியில் திணித்துக் கட்டினால் நடுவிலுள்ள காய்களின் வெப்பம் வெளியேற வழியில்லை. கட்டிய மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வெக்கை தெரியும்.

நீர் இழப்பு இதனினும் கண்கூடானது. கீரை, வெண்டை, கத்தரி ஆகியவை எடையில் நூற்றுக்கு 5 அளவு நீரை இழந்தாலே வாட்டம் கண்ணில் பட்டுவிடும். நூற்றுக்கு 5 எடை போனதால் வரும் நஷ்டம் நூற்றுக்கு 5தான். வாடியது கண்ணில் பட்டதால் வரும் நஷ்டம் அதைப்போல் பல மடங்கு.

மூன்றாவது, காயம். கத்தரியை முறுக்கிப் பிய்த்தால் காம்பு கிழிகிறது. நகம் பட்ட இடத்தில் தோல் கிழிகிறது. அந்த வாயில் வழியே பூஞ்சணமும் பாக்டீரியாவும் நுழைகின்றன. பறித்த அன்று ஒன்றும் தெரியாது. அசோக் நகர்க் கடைக்குப் போன பிறகே பழுப்புப் புள்ளியாக விரியும். சிறு கத்தரிக்கோலால் காம்பு அரை அங்குலம் நிற்குமாறு வெட்டிப் பறித்தால் இது பெரிதும் குறையும். பறிப்போர் நகத்தை ஒட்ட வெட்டியிருத்தல் நல்லது. காய்த்துளைப்பான் துளைத்த காயைப் பறிக்கும்போதே தனிப் பையில் போட வேண்டும். துளைத்த காய் ஒன்று கூடையில் இருந்தால், வாங்குபவர் அந்த ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி முழுக் கூடைக்கும் விலை குறைப்பார்.

எப்போது பறிப்பது?

அதிகாலையில் பறியுங்கள் என்பது பாடப்புத்தக அறிவுரை. காய் குளிர்ந்திருக்கும் நேரம் அதுவே, அறிவுரையில் பிழையில்லை. ஆனால் கோயம்பேட்டில் விலை பேசப்படுவது பின்னிரவில். அதிகாலை 6 மணிக்குப் பறித்த காய் மாலை வேன் வரும் வரை பத்து, பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் விவசாயிகள் பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் பறிக்கிறார்கள். அறியாமையால் அல்ல. கூலியாட்கள் கிடைக்கும் நேரமும் வேன் புறப்படும் நேரமும் சேர்ந்து அவர்களை அந்த வேளைக்குத் தள்ளுகின்றன.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரவு 8 மணிக்கு மேல் வேன் புறப்படும் ஊர்களில் மாலை 4 மணிக்கு மேல் பறித்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு மணி நேரம் பரப்பி, சூடு தணிந்த பின் கூடையில் அடுக்கலாம். மாலையில் ஆள் கிடைக்காத ஊர்களில் காலையில் பறித்துப் பகல் முழுவதும் குளிர்ந்த இடத்தில் காக்க வேண்டும். அதற்கு உகந்தது, புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் வடிவமைத்த, மின்சாரம் வேண்டாத குளிர் அறை. செங்கல்லால் 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்தில் தளம் அமைத்து, அதன்மேல் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரட்டைச் சுவரை 67.5 சென்டிமீட்டர் உயரம் எழுப்பி, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து நனைக்க வேண்டும். மேலே மூங்கில் தட்டியில் வைக்கோல் வேய்ந்த மூடி. ஏறத்தாழ 100 கிலோ காய் கொள்ளும்.

வறண்ட காற்று வீசும் வட இந்தியக் கோடையில் இந்த அறைக்குள் வெப்பம் வெளியைவிட 10 டிகிரிக்கும் மேல் குறைகிறது. சென்னையைச் சுற்றிய கடலோரப் பகுதிகளில் அந்த அளவை எதிர்பார்த்தல் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது நீர் ஆவியாதல் குறைகிறது. ஆகவே குளிர்ச்சியும் சில டிகிரிகளோடு நின்றுவிடும். இருப்பினும் அறைக்குள் ஈரப்பதம் உயர்ந்து நிற்பதால் கீரையும் வெண்டையும் வாடாமல் இருக்கும். மழை மாதங்களில் இதற்கு அவசியமில்லை.

மின்சாரக் குளிர்பதனக் கிடங்கு ஊருக்கு ஊர் வந்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கத்தரிக்கும் தக்காளிக்கும் அது அவ்வளவாகப் பொருந்தாது. 10 டிகிரிக்குக் கீழே சில நாட்கள் வைத்தால் கத்தரியின் தோலில் குழிகள் விழும், விதைப் பகுதி பழுப்பாகும். பழுக்காத தக்காளி பின்னர் சரியாகப் பழுக்காது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் கிடந்த கத்தரியை அரிந்த இல்லத்தரசிகளுக்கு இது புதிதல்ல. உருளைக்கும் கேரட்டுக்கும் ஏற்ற கிடங்கில் கத்தரியையும் சேர்த்து வைத்தல் கூடாது.

கோணியும் கூடையும்

கோணி மலிவு, திரும்பி வர வேண்டியதில்லை, வேனில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம். அடியிலுள்ள காய் மேலுள்ள மூட்டைகளின் முழு எடையையும் சுமப்பதுதான் கேடு. பிளாஸ்டிக் கூடையில் மேல் கூடையின் எடையைக் கீழ்க் கூடையின் சுவர் தாங்குகிறது. பக்கத் துளைகளில் காற்று போகிறது. கூடையை விளிம்புக்கு மேல் குவித்தால் இந்தப் பயன் போய்விடும். இரண்டு விரல் தாழ நிரப்ப வேண்டும். கூடையின் உண்மையான தொல்லை வேறு. அனுப்பிய கூடை மண்டியிலிருந்து திரும்புவதில்லை. பத்துக் கூடை போய் ஏழு கூடை வந்தால், இரண்டு மாதத்தில் மனம் வெறுத்து விவசாயி கோணிக்கே திரும்பிவிடுகிறார். குழுவாக ஒரே நிறக் கூடை வாங்கி, ஊர்ப் பெயரைப் பெயிண்டில் எழுதி, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் பொறுப்பை வேன் ஓட்டுநரிடம் ஒப்படைத்தால் இழப்பு குறையும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கூடை கொடுக்கும் காலங்களில் வட்டார அலுவலகத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிந்து வைக்கலாம்.

மூட்டை கட்டிய பின் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு வழக்கம். எடை நிற்கும், பளபளப்பாகத் தெரியும் என்று செய்கிறார்கள். சூடான மூட்டைக்குள் ஈரம் புகுந்தால் விடிவதற்குள் அழுகல் பரவத் தொடங்கும். அதிலும் வாய்க்கால் நீர் என்றால் கேடு இரட்டிப்பாகும். கீரைக்கு மட்டும் நீர் தேவை. கட்டைப் பிரித்து வைத்து, சுத்தமான நீரில் நனைத்து, நீர் வடிந்த பின் தளர்வாகக் கட்டி, ஈரத் துணியால் மூட வேண்டும். அண்ணாந்த வேனில் காற்றுக்கு நேராகக் கீரைக்கட்டுகளை ஏற்றினால் அத்தனை உழைப்பும் ஒரு மணி நேரப் பயணத்தில் போய்விடும்.

நேரடி விற்பனையும் வற்றலும்

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டம், தரகையும் ஒரு கைமாற்றையும் நீக்கியது. அங்கே விவசாயியே கடைக்காரராக உட்காருகிறார்; ஆகவே காலையில் பறித்த காயின் புதுமைக்கு உரிய விலையும் அவருக்கே சேருகிறது. அதே நேரத்தில், விற்காமல் நின்ற காயின் நஷ்டமும் அவருடையதே. பகலில் சந்தை கலையும்போது மிஞ்சும் 15 கிலோவை என்ன செய்வது என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே எண்ணி வைக்க வேண்டும்.

நம் பாட்டிமார் எண்ணி வைத்திருந்தார்கள். கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய் எல்லாம் அன்றைய அறுவடைப் பின்சார் தொழில்நுட்பமே. இரண்டாம் தரக் காயில் நல்ல பகுதியை அரிந்து, உப்பு நீரில் முக்கி, தூசி படாமல் உலர்த்தினால் மாதக்கணக்கில் நிற்கும். சூரிய உலர்த்தி இருந்தால் நிறமும் கெடாது. இதனால் பெருஞ் செல்வம் சேரும் என்று யாரும் ஏமாற வேண்டாம். உழைப்பு மிகுதி, வாங்குவோர் குறைவு. விலை 5 ரூபாய்க்கு விழுந்த வாரத்தில் மட்டும் இது கைகொடுக்கும்.

அத்தகைய வாரங்கள் வராமல் இருப்பதில்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்தது. செப்டம்பருக்குள் விலை தலைகீழாகச் சரிந்தது. விலை ஏறியபோது நடவு செய்தவர்கள், விலை விழுந்தபோது பறித்தார்கள். தக்காளியை முழுச் சிவப்பில் பறித்தவர் அன்றே விற்றாக வேண்டும். நுனியில் இளஞ்சிவப்பு தட்டும் பருவத்தில் பறித்தவருக்கு மூன்று நான்கு நாள் தவணை கிடைக்கிறது. பேரம் பேசும் பலம் என்பது அந்த மூன்று நான்கு நாள்தான்.

நெல்லிலும் விஷயம் இதுவே; அளவுதான் வேறு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு நூற்றுக்கு 17. மழையில் சிக்கிய ஆண்டுகளில் தளர்வு வருவதுண்டு. 2023 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு 20 வரை அனுமதித்தார்கள். தளர்வை நம்பி உலர்களத்தைக் கைவிடுதல் ஆகாது. 20 ஈரத்திலுள்ள 100 கிலோ நெல்லை 17-க்கு உலர்த்தினால் 96.4 கிலோ நிற்கும். 3.6 கிலோ குறைகிறதே என்று தயங்கி ஈர நெல்லைத் தனியாருக்குக் குறைந்த விலையில் தள்ளுவோர், அந்த 3.6 கிலோவைப் போல் பல மடங்கு இழக்கின்றனர்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. இந்த அளவுப் பண்ணைக்குப் பெரிய சிப்பம் கட்டும் கூடம் கட்டாது. கையில் பணம் இல்லாதவர் முதலில் செய்ய வேண்டியது வயலோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. 12 அடிக்கு 10 அடி போதும். மேற்குப் பக்கம் மட்டும் கீற்றுத் தட்டியால் அடைத்து, மற்ற மூன்று பக்கமும் காற்றுக்குத் திறந்து விட வேண்டும். தரையில் மண் படாமல் தார்ப்பாய் விரித்து, பறிக்கும் ஒவ்வொரு கூடையையும் வரப்பில் வைக்காமல் உடனுக்குடன் இங்கே கொண்டுவர ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இந்த வேலையைச் செய்விக்க வேண்டாம். தலைச்சுமைக் கூடையை அவர்கள் கீழே போட்டால் காயும் நசுங்கும், படிப்பும் கெடும்.